நேரில் கண்டேன்

ரயில் நிலையத்தில் குண்டு வெடித்து, நாடு முழுக்க நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பிறகு, பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டவர்களை யாரும் படியேற்றிக் கோர்ட்டுக்குள் கொண்டுவருவதில்லை. ஜனங்கள் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்றார்கள். கூட்டாளிகள் வந்து மீட்டுப் போய்விடுவார்கள் என்றும் சொன்னார்கள். எது உண்மையோ, நீல வேன் ஒன்று கோர்ட்டின் பின்முற்றத்தில், சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதன் ஜன்னல்களில் தகரம் அடித்திருந்தது. மாஜிஸ்திரேட் மாடியிலிருந்து இறங்கி வருவாள். பெஞ்ச் கிளார்க் காகிதங்களை அட்டையில் செருகி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். அவள் பெயர்களைப் படிப்பாள். ஒவ்வொரு பெயருக்கும் தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் பதில் சொல்லும். எல்லாரும் பதில் சொன்னதும், "நேரில் கண்டேன். காவல் நீட்டிக்கப்படுகிறது" என்று முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருக்கும் வரிகளுக்குக் கீழே கையெழுத்துப் போடுவாள். வேன் போய்விடும். டீசல் நாற்றம் மட்டும் கொஞ்ச நேரம் முற்றத்தில் நிற்கும்.

முதல் தடவை அவள் கேட்கத்தான் செய்தாள். "ஆளைப் பாக்காம எப்படி நேர்ல கண்டேன்னு போடறது?"

வேனோடு வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் பணிவாகத்தான் பதில் சொன்னார். "சுற்றறிக்கை வந்திருக்கு மேடம். வேனுக்குள்ள இருந்தாலும் ஆஜர்தான். கதவை மட்டும் தொறக்கக் கூடாது. எல்லாம் தற்காலிகம்தான்."

தற்காலிகம்தானே என்று விட்டுவிட்டாள். தற்காலிகம் வந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. எழுந்திருக்கிற வழியாக இல்லை.

கோர்ட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. இளம் வக்கீல்கள் வைத்தது. அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. சாட்சி ஒருவன் பேச்சை நிறுத்தினால் மற்ற மாஜிஸ்திரேட்டுகள் "சொல்லுப்பா, சீக்கிரம்" என்பார்கள். அவள் காத்திருப்பாள். பேச்சு நின்ற இடத்தில்தான் விஷயம் இருக்கும் என்பது அவள் அனுபவம். மதியச் சாப்பாட்டைத் தன் அறையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சில நாள் ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் அக்கா இருந்தாள். அத்தான் இறந்த பிறகு அக்கா அவளோடு வந்து தங்கிவிட்டாள். வெளியூர் போய்த் திரும்பிய இவளை அழைத்துவரத்தான் அத்தான் அன்றைக்கு ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார். வண்டி தாமதமாக வந்தது. குண்டு தாமதிக்கவில்லை. அக்கா அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாத அந்த ஒன்று சமையலறையிலும் கூடத்திலும் மொட்டைமாடியிலும் இருந்தது. இரண்டு பேரும் அதை இடித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள்.

வேன் வந்த நாட்களில், சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது அக்கா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள்.

"போட்டியா?"

"போட்டேன்."

"அந்த லிஃப்ட்காரனுக்கும்?"

"போட்டேன்க்கா."

அதற்குப் பிறகு அக்கா எழுந்து தட்டு வைப்பாள். நாள் முழுக்க அவர்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான். லிஃப்ட்காரன் என்று அக்கா சொன்னது, வெடிப்புக்கு முந்தின நாள் ரயில் நிலையத்து லிஃப்டைப் பழுது பார்த்த மெக்கானிக்கை. குண்டு அந்த லிஃப்டுக்கு அடியில்தான் இருந்தது. அவன் படத்தைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். விசாரணை என்று ஒன்று இன்னும் தொடங்கவே இல்லை. ஆனாலும் அவன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அன்றைக்கும் வேன் வந்தது. மூன்று பேருடைய காவலும் அன்று மாலையோடு முடிகிறது. நீட்டிக்காவிட்டால் சட்டப்படி விட்டுவிட வேண்டும்.

முதல் பெயர் பேக்கரிக்காரருடையது. உள்ளே சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு, இருட்டில் படி இறங்குகிறவன் காலை வைக்கிறதுக்கு முன்னால் மூச்சைப் பிடிப்பானே, அப்படி ஒரு சின்ன இழுப்பு. "இருக்கேங்கம்மா."

இரண்டாவது, கல்லூரி விரிவுரையாளர். "உள்ளேன் அம்மா!" என்றார். ஆயுசெல்லாம் வருகைப்பதிவு எடுத்த மனிதர். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் சொல்வார். இன்ஸ்பெக்டர் லத்தியால் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

மூன்றாவது, லிஃப்ட் மெக்கானிக். பெயரைப் படித்துவிட்டு அவள் பேனாவைத் திறந்தாள். உள்ளே சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு, முதல் பெயருக்கு வந்த அதே இழுப்பு. "இருக்கேங்க."

குரலை மாற்றித்தான் பதில் வந்தது. கொஞ்சம் கனமாக, கொஞ்சம் சிடுசிடுப்பாக. குரலை மாற்றலாம். அதற்கு முன்னால் வரும் மௌனத்தை யாரும் மாற்ற நினைப்பதில்லை.

"என்ன மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் அதே பெயரை இன்னொரு முறை படித்தாள். மறுபடியும் அந்த இழுப்பு. மறுபடியும் "இருக்கேங்க."

காலையில் கோர்ட் வாசலைத் தாண்டும்போது கார் ஜன்னலில் பார்த்த பெண் அவளுக்கு ஞாபகம் வந்தாள். மெக்கானிக்கின் மனைவி. துவைத்து மடித்த சட்டைகளை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு, காவல் நீட்டிக்கிற தவணை நாளில் எல்லாம் வந்து நிற்பவள். மாஜிஸ்திரேட் தகரத்துக்குப் பக்கத்தில் போனாள்.

"உங்க மனைவி வாசல்ல நிக்கிறாங்க" என்றாள். "அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

உள்ளே ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. அவ்வளவுதான். பதில் வரவில்லை. அவள் காத்திருந்தாள். கிளார்க் அட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். யாரோ ஒருவனுக்குப் பதிலாக ஆஜர் சொல்லிவிடலாம். அவன் மனைவிக்குச் சொல்லி அனுப்ப ஒரு வார்த்தையை எங்கே போய்த் தேடுவது?

"கதவைத் தொறங்க" என்றாள் அவள்.

"அதான் சுற்றறிக்கை..."

"அப்ப நான் கையெழுத்துப் போடல."

இன்ஸ்பெக்டர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மேடம், இவனுங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். உங்க வீட்டுலயே ஒரு சாவு விழுந்திருக்கு. நீங்களே இப்படிப் பேசினா நாங்க எங்க போய் முட்டிக்கிறது?"

"தொறங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார். பெஞ்ச் கிளார்க் அவள் காதருகே குனிந்தார். அவருக்குச் 'சரிங்கம்மா' என்றுதான் ஆபீஸில் பெயர். மழை வருகிறது என்றாலும் சரிங்கம்மா, மின்விசிறி ஓடவில்லை என்றாலும் சரிங்கம்மா. அவரே இப்போது, "வேணாம்மா" என்றார். "ரிட்டயர்மெண்டுக்கு உங்களுக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கு."

"ஒரு நாற்காலி கொண்டு வரச் சொல்லுங்க."

"மேல உங்க ரூம்ல..."

"நான் மேல போனா வேன் போயிடும்."

அவர் வாயைத் திறந்து, மூடி, தாமே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தார்.

அவள் வேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செய்தி அதற்குள் கட்டடம் முழுக்கப் பரவியிருந்தது. மாடி ஜன்னல்களில் ஒவ்வொன்றாகத் தலைகள் முளைத்தன. வக்கீல்கள், டைப்பிஸ்டுகள், பக்கத்துக் கோர்ட் ஆட்கள். யாரும் இறங்கி வரவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தபோது தலைகள் உள்ளே போய்விட்டன. தினமும் "குட்மார்னிங் மேடம்" சொல்கிற அரசு வக்கீல் சைக்கிள் கொட்டகை வழியாகக் குறுக்கே போனவர், அவளைக் கண்டதும் எதையோ மறந்துவிட்டது போல நெற்றியைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

வெயில் தகரத்தில் இறங்கியது. உள்ளே இருமல் கேட்டது.

"வேனை நிழல்ல நிறுத்துங்க. அவங்களுக்குத் தண்ணி குடுங்க."

"கையெழுத்துப் போடுங்க மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "எல்லாருமே நிழலுக்குப் போயிடலாம்."

தன் பிடிவாதத்துக்கு உள்ளே இருப்பவர்கள் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு கையெழுத்துப் போட்டால் இரண்டு பேருக்குத் தண்ணீர் கிடைக்கும். போடாவிட்டால் மூன்றாவது ஒருவனுக்கு என்ன கிடைக்கும்? அவன் இருக்கிறானா என்றே தெரியவில்லை. அவன் நல்லவன் என்றும் அவளுக்குத் தெரியாது. ராத்திரிகளில் அக்கா அழுவது சுவர் வழியாகக் கேட்கும்போது, அவனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளே நினைத்திருக்கிறாள். யாரோ ஒருத்தனாவது அவனாக இருந்துவிட வேண்டும் என்று.

அவள் செல்போன் அடித்தது. பெரிய ஜட்ஜ். மாவட்டத்துக்கே மேலதிகாரி.

"என்னம்மா, வெயில்ல உக்காந்திருக்கீங்களாமே?"

"ஆமா சார்."

"நாடு இருக்கிற நிலைமையில இதைப் போய்ப் பெரிசு பண்ணலாமா? ஒரு கையெழுத்துதானே."

"நேர்ல கண்டேன்னு அதுல இருக்கு சார்."

அவர் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை. அத்தான் இறந்தபோது வீட்டுக்கே வந்து அக்காவுக்கு எதிரில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவர். "சரி, ஒண்ணு செய்ங்க. உடம்புக்கு முடியலேன்னு ஒரு வரி அனுப்புங்க. லீவை நான் பாத்துக்கறேன். பக்கத்துக் கோர்ட்ல போட்டுடுவாங்க. உங்களுக்கு ஒரு பேச்சும் வராது."

எவ்வளவு சுலபமான கதவு. அவள் பொய்க் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, யாரையும் எதிர்க்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கோர்ட் மாஜிஸ்திரேட் சின்னப் பையன், கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அவன் இறங்கி வந்து பெயர் படிப்பான். அவனுக்குக் காது இருக்கிறது, ஆனால் அவசரமும் இருக்கிறது.

"அங்கயும் அதே குரல்தான் சார் பதில் சொல்லும்" என்றாள்.

"யோசிச்சுச் செய்ங்க" என்றுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

நிழல் நீண்டது. ஜன்னல்களில் விளக்குகள் அணைந்தன. ஆட்கள் வீட்டுக்குப் போகிற சத்தம் முன்பக்கத்திலிருந்து கேட்டது. மோட்டார் சைக்கிள்கள், சிரிப்பு, ஒரு கேட் மூடப்படுவது. உலகம் அவளை முற்றத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது போல இருந்தது. இத்தனை வருஷமாகத் தனிமையை அவள் தானாகத் தேடிப் போயிருக்கிறாள். அது இப்படித் தேடி வந்து எதிரில் உட்காரும் என்று நினைத்ததில்லை.

"மேடம்!" தகரத்துக்குப் பின்னாலிருந்து விரிவுரையாளர். இப்போது வேடிக்கைக் குரல் இல்லை. "இவர் மயங்கிட்டார். பேச்சுமூச்சில்ல."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார். கோர்ட் வளாகத்தில், ஒரு மாஜிஸ்திரேட்டின் கண்ணெதிரில், தன் வேனுக்குள் ஒரு சாவு. சுற்றறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே சாவியை எடுத்தார்.

கதவு திறந்ததும் உள்ளேயிருந்து வந்த காற்று அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. பெஞ்சில் பேக்கரிக்காரர் சாய்ந்து கிடந்தார். விரிவுரையாளர் தன் சட்டையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். எதிர்ப்பெஞ்சு காலி.

கிளார்க் தண்ணீருக்கு ஓடினார். பேக்கரிக்காரர் கண் விழித்து இரண்டு மிடறு குடித்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மூணாவது ஆள் எங்க?" என்றாள் அவள்.

"ஆஸ்பத்திரியில மேடம்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"விசாரிச்சுச் சொல்றேன்."

"நீங்கதானே சேத்தீங்க?"

இன்ஸ்பெக்டர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போன தவணைக்கும் நான்தாம்மா சொன்னேன்" என்றார் பேக்கரிக்காரர், தகரத்தைப் பார்த்துக்கொண்டே. "சொல்லலேன்னா..." தண்ணீர் டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வகுப்புல பசங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் குரல் குடுப்பாங்க" என்றார் விரிவுரையாளர். "தெரிஞ்சும் சிரிச்சிட்டு விட்டுடுவேன். பெரிய மனசுன்னு எனக்கே ஒரு நினைப்பு."

போன தவணை. அவள் நினைத்துப் பார்த்தாள். அன்றைக்குத் தூறல் இருந்தது. ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு மூன்று கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போய்த் தலையைத் துவட்டிக்கொண்டாள். அந்த இழுப்பு அன்றைக்கும் இருந்திருக்கும். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு பேரையும் மாடிக்கு அழைத்து வரச் சொன்னாள். வெகுநாளைக்குப் பிறகு கோர்ட் ஹாலின் விளக்குகள் அந்த நேரத்தில் எரிந்தன. கதவுகளை அகலத் திறந்து வைக்கச் சொன்னாள். அவர்கள் முகங்களைப் பார்த்தாள், கைகளைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள், டாக்டரிடம் அனுப்ப உத்தரவு எழுதினாள். போலீஸ் காவல் இல்லை, சிறைக்காவல் என்று தெளிவாக எழுதினாள். பிறகு மூன்றாவது காகிதத்தை எடுத்து, "நேரில் கண்டேன்" என்ற வரியை அடித்துவிட்டு, அதன் மேல் தன் கையாலேயே எழுதினாள்: நேரில் கொண்டுவரப்படவில்லை. அவர் பெயருக்கு வேறொருவர் பதில் சொன்னார். சென்ற தவணையில் நானும் பார்க்காமல் கையெழுத்திட்டேன். நாளைக் காலை திறந்த நீதிமன்றத்தில் இவரை நேரில் நிறுத்த வேண்டும்.

"ஹைகோர்ட்டுக்கு ஒரு நகல். அவர் மனைவிக்கு ஒரு நகல். சீல் வைங்க" என்றாள்.

சரிங்கம்மா பெட்டியைத் திறந்து முத்திரையை எடுத்தார். மைப்பட்டையை எடுத்தார். இரண்டையும் அவள் மேஜையில், அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தார்.

"வீட்டுல ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதும்மா" என்றார். "நான் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்."

அவர் போய்விட்டார். அவள் அதுவரை முத்திரை குத்தியதில்லை. முதல் தடவை தலைகீழாக விழுந்தது. இரண்டாவது நேராக விழுந்தது, கொஞ்சம் சாய்ந்து.

மெக்கானிக்கின் மனைவியைக் காவலாள் கூட்டிவந்தான். அவள் பெரிய காலி ஹாலைப் பார்த்து மிரண்டுபோய், கடைசி பெஞ்சில் உட்காரப் போனாள். மாஜிஸ்திரேட் மேடையிலிருந்து இறங்கி அவளிடம் போனாள்.

"உங்க வீட்டுக்காரரை இன்னிக்குக் கொண்டு வரல. எங்க இருக்காருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நாளைக்குக் கொண்டு வரணும்னு இதுல எழுதியிருக்கு."

"போன தடவை பாத்தீங்களாமே?" என்றாள் அந்தப் பெண். "மாஜிஸ்திரேட்டம்மா நேர்ல பாத்தாங்க, நல்லா இருக்காருன்னு கேட்ல சொன்னாங்க. சட்டையும் வாங்கிக்கிட்டாங்க. அதை நம்பித்தான் நான் தூங்கினேன்."

"பாக்கல" என்றாள் அவள். "பாத்தேன்னு எழுதினேன்."

அந்தப் பெண் திட்டவில்லை. அழவும் இல்லை. ரொம்ப நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக மற்றவர்கள் மௌனத்தில் மாஜிஸ்திரேட்தான் காத்திருப்பாள். இன்றைக்கு அந்த மௌனத்தில் அவளுக்கு நிற்க இடமில்லை. கடைசியில் அந்தப் பெண் காகிதத்தை வாங்கி, சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பையை மூடிக்கொண்டு படி இறங்கினாள்.

வீட்டு வாசலிலேயே பெரிய ஜட்ஜின் ஆபீஸிலிருந்து போன் வந்தது. இடமாற்றம். நாளை மதியத்துக்குள் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. மதியம் என்றால் காலை அவளுடையது. அது மட்டும் மனதில் ஓடியது.

அக்கா தொலைக்காட்சிக்கு எதிரில் இருந்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்? போட்டியா?"

"ரெண்டு பேருக்குப் போட்டேன். லிஃப்ட்காரனுக்குப் போடல."

அக்கா முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினாள். "விட்டுட்டியா?"

"விடறதுக்கு ஆளே இல்லக்கா. கொண்டு வரல. இருக்கானா இல்லையான்னே தெரியல."

"செத்திருந்தா நல்லது" என்றாள் அக்கா. எழுந்து சமையலறைக்குப் போனாள். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைக் கையில் பிடித்தபடியே நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அவன்தானேடி வச்சான்?"

"தெரியாது."

"நீ ஜட்ஜுதானே?"

"அவன் வந்து நிக்கணும். சாட்சி வரணும். ரெண்டு பக்கமும் பேசணும். அப்பத்தான் எனக்குத் தெரியும். அவன் இல்லேன்னா யாருக்கும் எப்பவும் தெரியாது."

"எப்பவுமா?"

"எப்பவும்."

தொலைக்காட்சியில் யாரோ ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைக் கேட்கவில்லை. தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தங்கை அவளை அவசரப்படுத்தவில்லை.

"நாளைக்கு அவனைக் கொண்டு வரச் சொல்லியிருக்கியா?"

"சொல்லியிருக்கேன்."

"யார் வேணும்னாலும் வந்து உக்காரலாமா?"

"கதவு தொறந்துதான் இருக்கும்."

"நானும் வரேன். அவன் மூஞ்சியைப் பாக்கணும்."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பார்க்க முகமே இல்லாமல் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. "காலையில சீக்கிரம் கிளம்பணும்" என்றாள்.

அக்கா தட்டை அவள் முன்னால் வைத்தாள். தனக்கும் ஒன்று எடுத்து வந்தாள். மெக்கானிக்கின் படம் திரையில் வந்து போயிற்று. இரண்டு பேரும் நிமிராமல் சாப்பிட்டார்கள்.